தொடக்கமா, தோற்றமா?

எந்தப் பொருளைக் கண்டாலும் மனித மனம் முதலில் கேட்பது, 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியைத்தான். ஆற்றைக் கண்டால் அதன் ஊற்றைத் தேடுகிறது. கோயிலைக் கண்டால் கட்டியவர் யார் என்று கேட்கிறது. புதிய மனிதர் ஒருவரைக் கண்டால் ஊரையும் குலத்தையும் விசாரிக்கிறது. இரவு வானைப் பார்த்து நிற்கும்போது இதே கேள்வி உலகம் முழுவதையும் நோக்கி எழுகிறது. இக்கேள்விகளுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. ஒன்றின் தொடக்கத்தை அறிந்துவிட்டால் அதன் இயல்பு முழுவதையும் அறிந்துவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை.

இது உண்மைதானா? ஒரு மனிதன் பிறந்த இடமும் குடும்பமும் அவன் யார் என்பதைத் தீர்மானித்துவிடுகின்றனவா? இக்கேள்வி தத்துவ நூல்களுக்குள் மட்டும் அடங்கிவிடுவதன்று. கோடிக்கணக்கான மனிதர்களின் வாழ்வையும் தாழ்வையும் இதற்குக் கிடைத்த விடைகள் தீர்மானித்திருக்கின்றன. 'ஜெனிசிஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் இந்தக் கேள்வி முழுவதும் சுருங்கிய வடிவில் அமைந்திருக்கிறது.

சொல் வந்த வழி

பைபிளின் முதல் நூலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஜெனிசிஸ். ஆனால் அந்நூல் எழுதப்பட்ட ஹீப்ரு மொழியில் அதன் பெயர் வேறு. நூலின் முதற்சொல்லையே நூலின் பெயராகக் கொள்வது யூதர்களின் மரபு. அதன்படி அந்நூல் 'பெரேஷித்' என அழைக்கப்படுகிறது. தொடக்கத்தில் என்பது அதன் பொருள். தலை என்னும் பொருள் தரும் 'ரோஷ்' என்ற சொல் அதனுள் அடங்கியிருக்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நகரில் கிரேக்க மொழி பேசும் யூதர்கள் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். மோசேயின் ஐந்து நூல்களும் அங்கே கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டன. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பிற்காலத்தில் புகழ்பெற்றது இதுவே. கிரேக்கத்தில் முதல் நூலுக்கு நிலைத்த பெயர் முதற்சொல்லிலிருந்து வரவில்லை. நூலின் உட்பொருளிலிருந்து வந்தது. தலைமுறை வரலாறுகளைத் தொடங்கும்போதெல்லாம் அந்நூல் 'தோலெதோத்' என்ற ஹீப்ருச் சொல்லைக் கையாள்கிறது. பெற்றெடுத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அச்சொல். இரண்டாம் அதிகாரத்தில் வானத்திற்கும் பூமிக்குமே அது பயன்படுத்தப்படுகிறது. அவ்விடத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட சொல் 'கெனெசிஸ்'. லத்தீன் பைபிள் இப்பெயரை அப்படியே ஏற்றது. லத்தீன் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது.

தமிழில் இந்நூலுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் அது 'ஆதியாகமம்'. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'தொடக்கநூல்'. இரண்டுமே ஹீப்ருப் பெயரின் பொருளைத் தாங்கியவை. இரண்டும் 'முதலில்' என்ற காலத்தைச் சுட்டுகின்றன. கிரேக்கச் சொல்லோ காலத்தைச் சுட்டவில்லை. அது பிறப்பைச் சுட்டுகிறது. தொடக்கம் என்பது ஒரு கணம். பிறப்பு என்பது ஒரு நிகழ்வு. அதற்கு முன்னும் ஒன்று உண்டு, பின்னும் ஒன்று உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, சிந்திக்கச் சிந்திக்க விரிந்துகொண்டே போகிறது.

கிரேக்கர் கண்ட பொருள்

பிறத்தல், ஆதல், நிகழ்தல் ஆகிய மூன்று பொருளும் தரும் ஒரு கிரேக்க வினைச்சொல்லோடு உறவுடையது கெனெசிஸ். ஹோமரின் இலியட் காவியத்தில், உலகைச் சூழ்ந்தோடும் ஒகேயானோஸ் என்னும் நீர்ப்பெருக்கு தேவர்களின் கெனெசிஸ் எனக் கூறப்படுகிறது. அங்கே அச்சொல்லுக்குப் பிறப்பிடம் என்று பொருள்.

தத்துவ ஞானிகளின் கையில் அச்சொல் ஆழம் பெற்றது. பிளேட்டோ தமது டிமேயஸ் என்ற நூலில் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, என்றும் உள்ளது. அதற்குக் கெனெசிஸ் கிடையாது. மற்றொன்று, எப்போதும் ஆகிக்கொண்டே இருப்பது. அது ஒருபோதும் உண்மையில் 'உள்ளது' எனச் சொல்லத்தக்கதன்று. முன்னதை அறிவால் உணரலாம். பின்னதைப் புலன்களால் அறியலாம். அரிஸ்டாட்டில் தோன்றுதலையும் அழிதலையும் ஆராய ஒரு தனி நூலே எழுதினார். அதன் தலைப்பிலும் கெனெசிஸ் என்ற சொல் இடம்பெறுகிறது.

ஆகவே கிரேக்க தத்துவத்தில் கெனெசிஸ் என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்த சம்பவம் மட்டுமன்று. மாறும் பொருள்கள் அனைத்தும் இக்கணமும் அதில்தான் இருக்கின்றன. நேற்று மொட்டாக இருந்தது இன்று மலராகிறது, நாளை சருகாகிறது. அந்த 'ஆகிறது' முழுவதுமே கெனெசிஸ்தான். யோவான் நற்செய்தியின் தொடக்கப் பகுதியிலும் இந்த நுட்பத்தைக் காணலாம். இறைவனின் வார்த்தையைப் பற்றிப் பேசும்போது அந்நூல் 'இருந்தது' என்ற வினையைக் கையாள்கிறது. படைக்கப்பட்டவற்றைப் பற்றிப் பேசும்போது 'ஆயிற்று' என்ற வினைக்கு மாறுகிறது. இருப்பதற்கும் ஆவதற்கும் உள்ள வேறுபாட்டை வேதாந்தம் பயின்றவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே வேரின் கிளைகள்

1786-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் சர் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய உரை மொழி வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்ற கருத்தை அவர் அதில் முன்வைத்தார். அக்கருத்தைப் பின்வந்த அறிஞர்கள் விரிவாக நிறுவினர். கிரேக்கத்தின் 'கென்' என்னும் வேரும் ஸம்ஸ்கிருதத்தின் 'ஜன்' என்னும் தாதுவும் உடன்பிறந்தவை. ஜனனம், ஜன்மம், ஜனம், ஜனனி, பிரஜை ஆகிய சொற்கள் ஒருபுறம்; ஆங்கிலத்தின் ஜெனரேஷன், ஜெனியஸ், ஜெனரஸ், ஜீன் ஆகியவை மறுபுறம். உறவினரைக் குறிக்கும் 'கின்' என்ற ஆங்கிலச் சொல்லும், அன்புடைமையைக் குறிக்கும் 'கைண்ட்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிறரைத் தன் இனமாகக் காண்பதே அன்பு என்ற உண்மை அச்சொல்லுக்குள் உறங்குகிறது.

ஆனால் இதே குடும்பத்தில் வேறு இரண்டு சொற்களும் உள்ளன. ஒன்று, ஜாதி, பிறப்பு என்பதே அதன் நேர்ப்பொருள். மற்றொன்று, 1883-இல் பிரான்ஸிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி உருவாக்கிய 'யூஜெனிக்ஸ்'. நற்பிறப்பு என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அவர் அமைத்தார். உயர்ந்த பிறப்புடையோர் பெருகவும், தாழ்ந்த பிறப்புடையோர் குறையவும் வழிசெய்தால் மனிதகுலம் மேம்படும் என்பது அக்கொள்கை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907-இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஜெர்மனியில் நாஜி அரசு 1933-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கட்டாயமாக மலடாக்கப்பட்டனர். அந்த வழியின் இறுதியில் பெருங்கொலைகள் காத்திருந்தன.

ஒரு நாட்டில் சமயத்தின் பெயராலும் மற்றொரு நாட்டில் விஞ்ஞானத்தின் பெயராலும் நடந்த கொடுமைகளுக்கு அடிப்படை ஒன்றே. 'பிறப்பை அறிந்தால் போதும், மனிதனை அறிந்தாயிற்று' என்பதே அது. ஆற்றின் ஊற்றைத் தேடும் களங்கமற்ற ஆர்வம்தான், மனிதனிடம் வரும்போது இத்தகைய தீர்ப்பாக மாறிவிடுகிறது.

விஞ்ஞானமே இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் ஒரே வழித்தோன்றலான அவரை விதைகளை ஆராய்ந்தார். பரம்பரை ஒன்றாக இருந்தும் விதைகள் பெரிதும் சிறிதுமாக விளைந்தன. அவற்றுள் பெரியனவற்றை மட்டும் தேர்ந்து விதைத்தாலும் அடுத்த விளைச்சலின் சராசரி உயரவில்லை. வேறுபாடு பரம்பரையிலிருந்து வரவில்லை, சூழலிலிருந்து வந்தது. எனவே 1909-இல் அவர் இரண்டு சொற்களை அமைத்தார். பரம்பரையில் அமைந்தது 'ஜெனோடைப்'. கண்ணுக்குத் தோன்றுவது 'ஃபீனோடைப்'. மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' என்ற சொல்லும் அதே ஆண்டில் அவர் தந்ததே. பிறப்பில் அமைந்தது ஒன்று, தோன்றி நிற்பது மற்றொன்று என்ற பிரிவினை, அந்தச் சொல் பிறந்தபோதே அதனோடு சேர்ந்து பிறந்துவிட்டது.

பிறத்தல் என்றால் தோன்றுதல்

பாரத நாட்டின் இலக்கண மரபு இங்கே வியப்பான ஒரு வெளிச்சத்தைத் தருகிறது. ஸம்ஸ்கிருதத் தாதுக்களுக்குப் பொருள் கூறும் தாதுபாடத்தில், 'ஜன்' என்ற தாதுவுக்குப் 'பிராதுர்பாவம்', அதாவது வெளிப்படுதல் என்று பொருள் தரப்பட்டுள்ளது. அழிதலைக் குறிக்கும் 'நச்' என்ற தாதுவுக்கு 'அதர்சனம்', அதாவது காணப்படாமை என்று பொருள். படைத்தலைக் குறிக்கும் 'ஸ்ருஜ்' என்ற தாதுவுக்கு வெளிவிடுதல் என்று பொருள். சிருஷ்டி என்ற சொல் பிறந்தது அதிலிருந்தே.

தமிழும் இதையே சொல்கிறது. மறைந்தவர்களின் படத்திற்குக் கீழே பிறந்த நாளையும் இறந்த நாளையும் குறிக்கும்போது, 'தோற்றம்', 'மறைவு' என்றே தமிழர்கள் எழுதுகிறார்கள். தோற்றம் என்ற ஒரே சொல் பிறப்பையும் குறிக்கும், காட்சியையும் குறிக்கும். மறைவு என்ற சொல்லோ அழிந்தார் என்று கூறவில்லை. கண்ணுக்கு மறைந்தார் என்று மட்டுமே கூறுகிறது. துயரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் யோசிக்காமல் எழுதும் அந்த இரண்டு சொற்களில் ஒரு முழுத் தத்துவம் அடங்கியிருக்கிறது.

சொல்லின் வேர் மட்டுமே ஓர் உண்மையை நிரூபித்துவிடாது. முன்னோர் ஒரு சொல்லை எப்படி அமைத்தனர் என்பதை அது காட்டும்; அவர்கள் எண்ணியது சரியா என்பதை ஆராய்ச்சிதான் காட்ட வேண்டும். அந்த ஆராய்ச்சியைச் சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்கு நடத்திக் காட்டுகிறார். இல்லாததிலிருந்து உள்ளது எப்படித் தோன்ற முடியும் என்பது அவரது வினா. மணலைப் பிழிந்து எண்ணெய் எடுக்க இயலாது. எள்ளில் முன்பே இருப்பதால்தான் எண்ணெய் வெளிப்படுகிறது. காரியம் காரணத்தில் மறைந்திருக்கிறது. வெளிப்படும்போது அதைப் பிறப்பு என்கிறோம். சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளில் ஆற்றிய சொற்பொழிவுகளில், சிருஷ்டி என்ற சொல்லைச் சூன்யத்திலிருந்து படைத்தல் என்ற பொருளில் மொழிபெயர்ப்பது பொருந்தாது, வெளிப்படுத்துதல் என்ற பொருளிலேயே கூற வேண்டும் என்று வலியுறுத்தியதன் காரணமும் இதுவே.

ஒரு கடினமான ஆட்சேபம்

இங்கே சிந்திப்பவர் ஒருவர் கேட்கலாம்: 'உலகிற்கு முதல் தொடக்கம் இல்லை, எல்லாம் முன்பே இருந்ததன் வெளிப்பாடுதான் என்றால், மனிதர்களுக்கிடையே காணும் ஏற்றத்தாழ்வும் அநாதியானதா? ஒருவன் வறுமையில் பிறப்பதும் மற்றொருவன் செல்வத்தில் பிறப்பதும் மாற்ற முடியாத நியதியா?'

பிரம்ம சூத்திரம் இந்த ஆட்சேபத்தைத் தவிர்க்கவில்லை. இறைவனிடம் பாரபட்சமும் கொடுமையும் உண்டா என்ற கேள்வியை இரண்டாம் அத்தியாயத்தில் அது நேராகவே எழுப்புகிறது. உரை எழுதிய ஸ்ரீ சங்கரர் மழையை உவமையாகக் காட்டுகிறார். மழை எல்லா வயலுக்கும் பொது; நெல்லாக முளைப்பதும் யவமாக முளைப்பதும் விதையின் வேறுபாடு. உயிர்களின் கர்மமே விதை. அந்தத் தொடர்ச்சிக்கு முதல் இல்லை என்பது முடிவு.

இந்த விடை இறைவனைப் பழியிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் மனிதர்கள் இதைத் தங்கள் வசதிக்காகப் பயன்படுத்தியதை மறுக்க இயலாது. துன்புறுபவனைப் பார்த்து, 'இது உன் பூர்வ கர்மம்' என்று கூறிவிட்டு நகர்ந்து சென்றவர்கள் பலர். கர்மக் கொள்கையை அவ்வாறு ஆள்வது கொள்கையையே தலைகீழாக்குவதாகும். அது ஒருவன் தன்னை நோக்கிக் கூறிக்கொள்ள வேண்டியது. தன் நிலைக்குப் பிறரைக் குறைகூறாமல், தானே பொறுப்பேற்று எழ வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் துன்பத்தின் முன்னால் நிற்கும்போது கேட்கத்தக்க கேள்வி அதன் தொடக்கத்தைப் பற்றியதன்று. நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் எந்தக் குலம், எந்த ஊர் என்பதை அறியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் உயிரிழப்பான் என்று பகவான் புத்தர் கூறிய உவமை, இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. 1884-இல் தக்ஷிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவர்களுக்கு இரக்கம் காட்டுவது என்ற எண்ணத்தையே மறுத்து, ஜீவனைச் சிவனாகக் கருதிச் சேவை செய்ய வேண்டும் என்று அருளியபோது இந்தச் சிக்கல் முற்றிலும் அவிழ்ந்துவிடுகிறது. சிவனாகக் காணப்படுபவனிடம் பூர்வ வரலாறு கேட்க யாருக்கு மனம் வரும்?

மேலும், அநாதி என்பதற்கு மாற்ற முடியாதது என்று பொருளில்லை. அறியாமைக்குத் தொடக்கம் இல்லை. ஆனால் முடிவு உண்டு என்பது வேதாந்தத்தின் உறுதியான சித்தாந்தம். ஆயிரம் ஆண்டுகள் இருண்டு கிடந்த அறையில் ஒரு விளக்கை ஏற்றினால் இருள் சிறிது சிறிதாகவா விலகும் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் கேட்பார். அந்த இருள் எப்போது தொடங்கியது என்பதை அறியாமலே விளக்கை ஏற்ற முடியும்.

ஜாபாலையின் மகன்

தன் கெனெசிஸ் எதுவென்று அறியாத ஒரு சிறுவனின் கதை சாந்தோக்ய உபநிஷதத்தில் வருகிறது. சத்யகாமன் பிரம்மசரியம் மேற்கொள்ள விரும்பித் தன் தாயிடம் தன் கோத்திரம் எது என்று கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிசெய்து அலைந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாது என்றும் தாய் கூறுகிறாள். 'என் பெயர் ஜபாலா, உன் பெயர் சத்யகாமன். ஆகவே சத்யகாம ஜாபாலன் என்று சொல்' என்பது அவள் கூறியதன் கருத்து. சிறுவன் கௌதமரிடம் சென்று எதையும் மறைக்காமல், எதையும் சேர்க்காமல் அப்படியே சொல்கிறான். உண்மையிலிருந்து வழுவாத அவனை முனிவர் ஏற்று, சமித்து கொண்டுவரும்படி பணிக்கிறார்.

அந்த உண்மையிலிருந்து அவனது குலத்தை முனிவர் ஊகித்துக்கொண்டார் என்பது பழைய உரையாசிரியர்களின் விளக்கம். அப்படியே கொண்டாலும், அவர் கையில் இருந்த சான்று ஒன்றே ஒன்றுதான்: சிறுவன் பேசிய உண்மை. குலத்தைக் கேட்ட இடத்தில் அவருக்குக் கிடைத்தது குணம். அது போதும் என்று அவர் கொண்டார். வஜ்ரசூசிகா உபநிஷதம் இதே சிந்தனையை வெளிப்படையாகக் கூறுகிறது. பிறப்பால் பிராமணன் என்பதை அது மறுத்து, மீனவப் பெண்ணிடம் பிறந்த வியாசரையும் குடத்தில் தோன்றிய அகஸ்தியரையும் எடுத்துக்காட்டுகிறது.

மத்தேயு நற்செய்தியும் கெனெசிஸ் என்ற சொல்லுடன்தான் தொடங்குகிறது. அங்கே அது இயேசுவின் வம்சாவளியைக் குறிக்கிறது. தந்தையரின் பெயர்களே நிறைந்த அப்பட்டியலில், மரியாளுக்கு முன்னர் நான்கு பெண்கள் குறிக்கப்படுகின்றனர்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவியாக இருந்தவள். குலப்பெருமை பேச விரும்பும் எழுத்தர் ஒருவர் சத்தமின்றி விட்டுவிடக்கூடிய பெயர்கள் அவை. நற்செய்தியாளர் விடவில்லை.

கௌதமர் சத்யகாமனிடம் மெலிந்த 400 பசுக்களை ஒப்படைத்தார். அவை ஆயிரமாகப் பெருகும்வரை திரும்புவதில்லை என்ற உறுதியுடன் அவன் காட்டுக்குச் சென்றான். பல ஆண்டுகள் கழிந்தன. ஒரு காளையும் அக்கினியும் ஓர் அன்னமும் ஒரு நீர்ப்பறவையும் அவனுக்குப் பிரம்மத்தை உபதேசித்தன. அவன் திரும்பி வந்தபோது, பிரம்மத்தை அறிந்தவனைப் போல் ஒளிர்கிறாயே என்று குரு வியந்தார். பிற்காலத்தில் அவனே பல மாணவர்களுக்கு ஆசாரியன் ஆனான்.

அப்போதும் அவனுக்குத் தந்தை வழிப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. உபநிஷதம் இறுதிவரை அவனைத் தாயின் பெயராலேயே ஜாபாலன் என்று அழைக்கிறது. அவன் எங்கிருந்து தொடங்கினான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுள் தோன்றியது எது என்பதை அறிய விரும்புவோர்க்கு அந்த உபநிஷதம் திறந்தே இருக்கிறது.